வாங்கும் முன் தொப்புள் இருக்கிறதா என்று பாருங்கள்

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த விமர்சனத்தை நம்புவதா வேண்டாமா என்று பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கைடு எழுதுகிறவள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்குவார்களே, அந்த ஒல்லி கைடு. ஆசிரியர் குறிப்பு ஒரு பக்கம், கதைச்சுருக்கம் நாலு பக்கம், பாத்திரங்கள் ஆளுக்குப் பத்து வரி, பிறகு மையக்கருத்து, உத்திகள், ஐந்து மார்க் கேள்வி பதில். அட்டையில் என் பெயர் வராது. ‘அனுபவம் மிக்க பேராசிரியர் குழு’ என்று வரும். அந்தக் குழு நான்தான். திருவல்லிக்கேணியில் ஒரு மூன்றாம் மாடியில், பதினெட்டு வருஷமாக.

போன வருஷம் முதலாளி, ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ வேண்டும் என்றார். “ஏதோ புத்தகம் எரிக்கிற கதையாம் மேடம். 24 பக்கத்துக்குள்ள முடிச்சிடுங்க.”

என்னிடம் ஒரு பிரதி இருந்தது. பல வருஷத்துக்கு முன் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கியது. சட்டைப்பை அளவு அமெரிக்கப் பதிப்பு. பின்னட்டை பாதி இல்லை, தாள் டீத்தூள் நிறம், உள்ளே மை மங்கின ஏதோ பள்ளிக்கூட முத்திரை. வாங்கின அன்றைக்கு நாலு பக்கம் படித்துவிட்டு பீரோ மேல் போட்டதோடு சரி. அல்லிக்குளம் கடைக்காரர்கள் மூர் மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை அழைத்துப் போகும் இடம் அது. எரிந்த கடைக்காரர்களின் வாரிசுகளிடமிருந்து, புத்தகம் எரிக்கிற கதையைப் பேரம் பேசி வாங்கி வந்திருக்கிறேன். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வீடுகளெல்லாம் தீப்பிடிக்காத பொருளில் கட்டப்பட்டுவிட்ட ஒரு காலம். தீயணைப்புக்காரர்களுக்கு வேலை இல்லை, அதனால் புத்தகம் வைத்திருப்பவர்களின் வீட்டைக் கொளுத்துவதே அவர்கள் வேலையாகிவிட்டது. அந்தப் படையில் ஒருவன் மோன்டாக், முப்பது வயது. ஹெல்மெட்டில் 451 என்று எழுதியிருக்கும். தாள் தானாகப் பற்றிக்கொள்ளும் சூடு என்று நாவல் சொல்கிற எண் அது. நம் கணக்கில் ஏறக்குறைய 233 டிகிரி செல்சியஸ். தாளின் வகைக்கேற்ப நிஜத்தில் கூடும் குறையும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அவன் ஒருநாள் எரிக்கப் போன இடத்தில் ஒரு புத்தகத்தைச் சுட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். பிறகு கதை ஓடுகிறது.

முதல் வரியே எரிப்பது ஒரு சுகம் என்கிறது. எரிக்கிறவனின் ஆனந்தத்துக்குள் நம்மையும் உட்கார வைத்துவிட்டுத்தான் கதை தொடங்குகிறது. சீமெண்ணெய்க் குழாய் மலைப்பாம்பாகிறது, அவன் கை இசைக்குழுவை நடத்துகிறவன் கையாகிறது. நெருப்பு வந்துவிட்டால் வாக்கியங்கள் மூச்சுவிடாமல் நீளும். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியோடு பேச ஆரம்பித்தால் நாலு நாலு சொல்லாகச் சுருங்கிவிடும். சீமெண்ணெய் தனக்கு வாசனைத் திரவியம் மாதிரி என்கிறான் மோன்டாக். எத்தனை கழுவினாலும் போகாதாம். ரேஷன் கடையில் நீலச் சீமெண்ணெய்க்கு கேனோடு வரிசையில் நின்றுவிட்டு, அதே கையோடு பள்ளிக்கூடம் போய் நோட்டைத் திறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். என் ஆறாம் வகுப்பு பூகோள நோட்டு முழுக்க அந்த நாற்றம்தான்.

பிராட்பரியின் உத்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது மோன்டாக்கின் கைகள். அவன் திருடுவதில்லை, கை திருடுகிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொள்கிறது. மனசு ஒப்புக்கொள்ளாத காரியத்தைக் கை முன்னால் போய்ச் செய்துவிடுகிறது. ‘அவன் உள்ளத்தில் போராட்டம் எழுந்தது’ என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். என் கைடில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

தீ என்ற உருவகத்தைப் பற்றிப் பத்து மார்க்குக்கு எழுதலாம். முதல் பக்கத்தில் அழிக்கிற தீ. நடுவில், தன் புத்தகங்களை விட்டு வர மாட்டேன் என்று நின்று, தானே தீக்குச்சியைக் கிழித்துக்கொள்ளும் அந்தக் கிழவியின் தீ. கடைசியில் காட்டில் நாடோடிகள் குளிர்காயும் தீ. தீ சூடும் கொடுக்கும் என்பதே அப்போதுதான் மோன்டாக்குக்குத் தெரிகிறது. கைடில் இது நன்றாக வந்திருக்கிறது. ஆனால் நாவலின் உயிர் அங்கே இல்லை என்பது என் கட்சி.

உயிர் மில்ட்ரெட்டிடம் இருக்கிறது. மோன்டாக்கின் மனைவி. காதில் எந்நேரமும் கிளிஞ்சல் மாதிரி குட்டி ரேடியோ, கூடத்தில் மூன்று சுவர் முழுக்கத் தொலைக்காட்சி. நாலாவது சுவருக்கும் வேண்டும் என்கிறாள். 2,000 டாலர். அவன் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதை இயர்பட்ஸோடும் ரீல்ஸோடும் ஒப்பிட்டு உலகமே எழுதிவிட்டது, நான் வேறு எழுத வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு ராத்திரி அவள் தூக்க மாத்திரைப் புட்டியைக் காலி செய்துவிடுகிறாள். டாக்டர் வருவதில்லை. குழாய் ரிப்பேருக்கு வருகிற மாதிரி இரண்டு பேர் மிஷினோடு வந்து, வயிற்றைக் கழுவி, ரத்தத்தை மாற்றிவிட்டு, ஒரு ராத்திரிக்கு ஒன்பது பத்து கேஸ் இப்படி என்று சொல்லி, 50 டாலர் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பசிக்கிறது என்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு அவன் கேட்கிறான்: நாம் முதலில் எங்கே சந்தித்தோம்? அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. பத்து வருஷக் கல்யாணம். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போய் இன்னும் கொஞ்சம் மாத்திரை விழுங்குகிறாள். அந்தக் கேள்வியை பிராட்பரி அங்கேயே விட்டுவிடுகிறார். நூறு பக்கம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கடைசியில் நகரத்தின் மேல் குண்டு விழும்போது, தரையோடு தரையாகக் கிடக்கிற மோன்டாக்குக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது. சிகாகோ. சிகாகோவில்தான் சந்தித்தோம். சொல்ல ஆள் இல்லை.

புத்தகத்தைத் தடை செய்தால் மனிதர்களுக்கு என்ன போகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிலை நான் படித்ததில்லை. அறிவு, ஜனநாயகம் என்றெல்லாம் ஆரம்பிக்காமல், பெண்டாட்டியை எந்த ஊரில் பார்த்தோம் என்பது போகும் என்கிறார். இந்தப் பகுதியை வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பறக்கும் ரயிலில் படித்தேன். முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் இறங்காமல் சேப்பாக்கம் வரை போய்விட்டேன்.

இரண்டாம் பகுதியின் தலைப்பு சல்லடையும் மணலும். சின்ன வயதில் கடற்கரையில் சல்லடையை மணலால் நிரப்பினால் காசு தருகிறேன் என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டே அள்ளி அள்ளிப் போட்ட ஞாபகம் மோன்டாக்குக்கு. இப்போது சுரங்க ரயிலில் ஒரு வரியை மனப்பாடம் செய்யப் பார்க்கிறான், ஒலிபெருக்கியில் பல்பொடி விளம்பரம் திரும்பத் திரும்ப அலறுகிறது. அந்த இரண்டு பக்கத்தில் விவிலிய வரியும் விளம்பரமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். சத்தமாகப் படித்துப் பாருங்கள். ‘இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி’ என்று கடை மாணாக்கர்களை வரிசைப்படுத்துகிறதே நன்னூல், அதில் ஓட்டைக் குடமும் நெய்வடிகட்டியும் பையனின் குணம். இங்கே பையன் மேல் குற்றமில்லை, ஊரே சேர்ந்து குடத்தில் ஓட்டை போடுகிறது.

இனி பியட்டி. தீயணைப்புப் படைத் தலைவர், எரிப்பவர்களிலேயே அதிகம் படித்தவர். மேற்கோள்களாலேயே எதிராளியை அடிப்பார். இப்படி எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று மோன்டாக்கின் படுக்கை அருகில் உட்கார்ந்து ஒரு சரித்திரமே சொல்கிறார். நம் ஊர் வாசகருக்கு எரிக்கிற காட்சிகள் புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்ததைத் தமிழில் படிக்கிற எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1928இல் பாரதியார் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தபோது சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேசியதும் நமக்குத் தெரியும். அரசாங்கம் செய்யும், வெறியர்கள் செய்வார்கள், அதைத்தான் தணிக்கை என்று நினைத்திருந்தேன். பியட்டி அப்படிச் சொல்லவில்லை. மேலிருந்து எந்த உத்தரவும் முதலில் வரவில்லை என்கிறார். மக்களே படிப்பதை விட்டார்கள். யார் மனமும் புண்படக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பெரிய இலக்கியங்களைப் பதினைந்து நிமிஷ ரேடியோ நாடகமாக வெட்டினார்கள், பிறகு இரண்டு நிமிஷத்தில் படிக்கிற பத்தியாக, பிறகு அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக. நெருப்பு கடைசியாக வந்தது, அதுவும் மிச்சத்தைக் கூட்டிப் பெருக்க.

பத்துப் பன்னிரண்டு வரி. அன்று காலைதான் பியட்டியின் பாத்திரப் படைப்பைப் பத்து வரியில் முடித்து டைப்பிங்குக்கு அனுப்பியிருந்தேன்.

2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தது ஞாபகம் இருக்கும். அப்போது அரசாங்கம் அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலைத் தடை செய்யவில்லை. புண்பட்டோம் என்று ஒரு கூட்டம் திரண்டது, அமைதிப் பேச்சு என்று ஒன்று நடந்தது, எழுத்தாளர் பேனாவை வைத்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம்தான் அவர் எழுதட்டும் என்றது. பியட்டியின் சரித்திரம் எனக்கு இந்த வழியாகத்தான் புரிந்தது.

ஆனால் பியட்டியின் பேச்சில் சிறுபான்மையினர்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்கிற தொனி இருக்கிறது. அதில் எனக்குச் சண்டை உண்டு. அது பியட்டியின் குரல், வில்லன் அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிடலாம் என்றால், பிராட்பரியே 1979இல் எழுதிய பின்குறிப்பில் ஏறக்குறைய அதே எரிச்சலோடு பேசுகிறார். உங்கள் வேறொரு புத்தகத்தில் பெண்கள் அதிகம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு கல்லூரிப் பெண் கடிதம் எழுதினாளாம். அவளையும் கொளுத்துகிறவர்கள் பட்டியலில் சேர்க்கிறார். ஐயா, கேட்பது வேறு, கொளுத்துவது வேறு. இந்த நாவலிலேயே பாருங்கள். கிளாரிஸ் என்கிற பதினேழு வயதுப் பெண் வருகிறாள், மழையை ருசி பார்க்கிறாள், நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டு மோன்டாக்கை உலுக்கிவிடுகிறாள், காணாமல் போகிறாள். அவள் வேலை முடிந்துவிட்டது. கடைசியில் புத்தகங்களைச் சுமந்து காட்டில் திரிகிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்களுக்குத் தலைவரான கிரேஞ்சர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. நான் கைடுக்கு வெட்டின பகுதிகளில் மனசாட்சி குத்தாத ஒரே இடம் அதுதான்.

சரி, தொப்புளுக்கு வருகிறேன்.

கைடில் ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் சரிபார்க்கப் புதிதாக ஒரு பிரதி வாங்கினேன். என் பழைய பிரதியில் ஒருவன் நோயாளி. புதியதில் அவன் குடிகாரன். அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். இன்னொரு இடத்தில் பழையதில் காதைச் சுத்தம் செய்கிறார்கள். புதியதில் தொப்புளில் சேர்ந்த பஞ்சை எடுக்கிறார்கள். காது எப்படித் தொப்புள் ஆகும்? பென்சிலை எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி ஆனது.

விஷயம் இதுதான். நாவல் வந்தது 1953இல், பாலன்டைன் பதிப்பகம். 1967இல் அதே பதிப்பகம் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு போட்டது. அதில் ஆசிரியருக்குத் தெரியாமல் 75 இடம் வரை கை வைத்தார்கள். வசைச்சொற்கள் போயின, கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று, குடிகாரன் நோயாளியானான், தொப்புள் காதானது. வெட்டியிருக்கிறோம் என்று எங்கேயும் ஒரு வரி போடவில்லை. 1973 தொடங்கி ஆறு வருஷம் கடைகளில் விற்றதே அந்த வெட்டுப்பிரதிதான். பெரியவர்களுக்கும் அதுதான். 1979இல் விஷயம் காதுக்கு வர பிராட்பரி சத்தம் போட்டார், 1980இல் முழுப்பிரதி திரும்பியது. தணிக்கையைப் பற்றிய நாவலைத் தணிக்கை செய்து, அதைப் பள்ளிப்பிள்ளைகள் தணிக்கையின் கொடுமை என்று பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பிரதி கப்பலேறி வந்து என் பீரோ மேல் படுத்துக் கிடந்திருக்கிறது.

இதை முதலாளியிடம் சொன்னேன். “அப்ப நம்ம கைடுல ஏதாவது மாத்தணுமா மேடம்?” என்றார். இல்லை என்றேன். பொய் இல்லை. மில்ட்ரெட்டின் தோழிகளுக்கு மோன்டாக் ‘டோவர் கடற்கரை’ கவிதையைப் படித்துக் காட்டுவான். ஒருத்தி காரணம் தெரியாமல் அழுவாள். இன்னொருத்தி, மிஸஸ் போல்ஸ், அவன் மேல் பாய்வாள். அவளிடம் அவன் கத்துவான்: விவாகரத்து செய்த முதல் புருஷன், ஜெட் விமானத்தில் செத்த இரண்டாமவன், தன்னையே சுட்டுக்கொண்ட மூன்றாமவன், டஜன் கருக்கலைப்பு, இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசி என்று. முழுப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கைடில் நான் எழுதியிருந்தது: ‘அவளது சொந்த வாழ்க்கைத் துயரங்களைச் சுட்டிக்காட்டுகிறான்.’ பெண்கள் கல்லூரியில் எல்லாம் வாங்குவார்களே என்று தோன்றியிருக்கும். யாரும் சொல்லவில்லை. கை எழுதியது. அந்த வரி அச்சாகி, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் மைக்ரோ ஜெராக்ஸாக இன்னும் சுருங்கி, யார் யார் கைக்குட்டைக்குள்ளோ பரீட்சை ஹாலுக்குப் போயாயிற்று.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு: இப்போது கிடைக்கிற புதுப் பதிப்புகள் முழுப்பிரதிகள், பயமில்லை. பழைய புத்தகக் கடையில் எழுபதுகளின் பிரதி கிடைத்தால் தொப்புளைத் தேடுங்கள். காது வந்தால் பேரம் பேசி 20 ரூபாய்க்குக் கேளுங்கள். அல்லது கூடக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது அந்த ஓட்டைப் பிரதிதான் பெரிய சொத்தாகத் தெரிகிறது. ஆங்கிலம் முதல் இருபது பக்கம் கொஞ்சம் முரண்டும். உருவகத்தின் மேல் உருவகம், கவிராயர் மாதிரி. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முதல் வடிவத்தை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், அரைமணிக்குப் பத்து சென்ட் போட்டால் ஓடும் வாடகை டைப்ரைட்டரில் அடித்தாராம். மொத்தச் செலவு 9.80 டாலர். கணக்குப் போட்டால் 49 மணி நேரம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்தவர்களுக்கு, மணி முடியும் முன் பக்கத்தை முடிக்கிற அந்தப் பதற்றம் தெரியும். அந்த ஓட்டம் நடையில் இருக்கிறது. 1953இலேயே 200 பிரதிகளுக்குத் தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸ் அட்டையும் போட்டார்கள். சம்பந்தர் தீயிலிட்ட ஏடு வேகாமல் பச்சையாக வந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் பெரிய அதிசயம் இல்லை.

என் கைடை வாங்காதீர்கள். 

கதை முழுவதையும் ஒரு மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு 78 வயது, வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து தலையில் வைத்துக்கொண்டு காட்டில் திரிகிறார்கள் என்றதும் கை நின்றது.

“ஒரு ஆளுக்கு ஒரு புஸ்தகமா? அவன் செத்துட்டா?”

அதற்கு நாவலில் ஏற்பாடு உண்டு. மோன்டாக்கின் தலையில் இருப்பது விவிலியத்தில் ஒரு பகுதி, அதையே ஹாரிஸ் என்று வேறொருவனும் யங்ஸ்டவுனில் வைத்திருக்கிறான். ஹாரிஸுக்கு ஏதாவது ஆனால் நீதான் அந்தப் புத்தகம், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறார் கிரேஞ்சர். சொன்னேன்.

“அப்பவும் நடுவுல ரெண்டு வரி மறந்துட்டான்னு வெச்சுக்கோ, யாருக்குத் தெரியும்?”

இதற்கு நாவலில் பதில் இல்லை. அம்மாவிடம் இருந்தது. அம்மாவுக்கு அபிராமி அந்தாதி நூறும் வாயில் நிற்கும். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டு பிறக்கும். ‘துணையே’ என்று முடிந்தால் ‘துணையும்’ என்றுதான் எடுக்க வேண்டும், நூறாவது ‘உதிக்கின்றவே’ என்று முடிந்து முதல் பாட்டின் ‘உதிக்கின்ற’வில் போய் விழும். நடுவில் ஒன்றை உருவினால் அந்த இடத்திலேயே தட்டும். 75 இடத்தில் கை வைத்தவன் 75 இடத்திலும் மாட்டுவான். இதைப் பாடினவரும், கதைப்படி, தீக்குண்டத்துக்கு மேல் தொங்கிக்கொண்டுதான் பாடினார்.

“நீ எத்தனை சொல்லுவே?” என்றாள்.

சின்ன வயதில் நூறும் தெரியும். ஆரம்பித்தேன். பத்து வரை தடங்கல் இல்லை. பதிமூன்றில், பூத்தவளே, காத்தவளே என்று வேகமாகவே போனேன். பிறகு ஒன்றும் வரவில்லை. எதை எடுத்தாலும் பத்து வரியில் முடித்துப் பழகின மூளை. அம்மா விரலில் ஒட்டின வாழைப்பூக் கறையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“பதிமூணை எப்படி முடிச்சே? கடைசி வார்த்தையை மட்டும் சொல்லு.”

“வந்திப்பதே.”

“ம். வந்தி...”